அண்ணன் உதறிவிட்டுப் போன வேலை

அந்தத் திண்டுக்கல் பூட்டு இன்னும் என் பீரோவின் மேல் தட்டில் கிடக்கிறது. நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அப்பா ஊரிலிருந்து வாங்கி வந்தது. டவுன்ஷிப்பில் என்ன களவு போகப்போகிறது என்று அம்மா கேட்டதற்கு, "வீடுதான் சொந்தமில்லே, பூட்டாவது சொந்தமா இருக்கட்டும்" என்றாராம். போன மாதம் அண்ணன் போனில் அதைக் கேட்டான். அவன் கம்பெனி வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறானாம்.

எந்த மேடை ஏறினாலும் அவன் சொல்கிற கதை ஒன்று உண்டு. நெய்வேலியில் பெர்மனென்ட் வேலையாம், அதை உதறிவிட்டு வெறுங்கையோடு மெட்ராஸ் பஸ் ஏறினானாம். சாப்ட்வேர் படித்த பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். உதறுவதற்கு அது என்ன அவன் தோளில் கிடந்த துண்டா? அது அப்பா செத்துக் கிடைத்த வேலை. எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர் தட்டின் முன்னாலேயே சாய்ந்துவிட்டார். வேலையில் இருக்கும்போதே இறந்தவர் வீட்டில் ஒருவருக்கு வாரிசு வேலை. ஒருவருக்குத்தான். அந்த வேலை இருக்கும்வரைதான் குவார்ட்டர்ஸும்.

அண்ணன் பி.எஸ்சி. கணக்கு. நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். அந்த வேலைக்கு நான் பட்ட ஆசை எனக்குத்தான் தெரியும். அவன் அம்மாவிடம் நிதானமாகச் சொன்னான்: "பாப்பாவுக்கு வாங்கினா நாளைக்குக் கல்யாணமாகி வேற வீட்டுக்குப் போயிடுவா. நான் வாங்கினா இந்த வீடு உனக்கு நிலைக்கும்மா." அம்மா என்னைப் பார்த்தாள். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

அவனைக் கம்ப்யூட்டர் பிரிவில் போட்டார்கள். அறை முழுக்க மெஷின், அதற்கென்று ஏ.சி. புரோகிராம் எழுத அங்கேதான் கற்றுக்கொண்டான். கெட்டிக்காரன், அதை நான் மறுக்கவில்லை. ஒரு நாள் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்து நின்றான். கூட்டாளியோடு மெட்ராஸில் கம்பெனியாம். "அப்ப வீடு?" என்று மட்டும் அம்மா கேட்டாள். அவன் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தான்.

காலி பண்ணின அன்று அம்மா வீட்டைக் கழுவி, வாசலில் கோலமும் போட்டுவிட்டு, பூட்டைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டாள். டவுன்ஷிப்புக்கு வெளியே, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. அங்கே ஒரு கான்ட்ராக்டரிடம் டைப் அடித்தேன். பெர்மனென்ட் இல்லை என்று தெரிந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்த கையோடு எழுந்துபோனார்கள். நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. அண்ணன் வங்கிகளுக்கு சாப்ட்வேர் செய்து கொடுத்தான், அமெரிக்கா போனான், பெரிய கம்பெனிக்குத் தலைவனானான். பணம் அனுப்பினான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அம்மா சாகும்வரை அந்த வாடகை வீட்டுக்கு இந்தப் பூட்டைப் போடவே இல்லை. வேறு பூட்டு வாங்கச் சொன்னாள்.

போன வாரம் நேரிலேயே வந்துவிட்டான். "கொடு பாப்பா, அந்த வீட்டு ஞாபகம்னு இது ஒண்ணுதானே இருக்கு" என்றான். பூட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"தாராளமா எடுத்துட்டுப் போண்ணே. பக்கத்துல ஒரு அட்டையில எழுதி வை. உதறினது என் வேலை இல்லே, என் தங்கச்சி வேலைன்னு."

காபியைக் குடித்து முடித்தான். கார் வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். பூட்டு மேஜையிலேயே கிடந்தது. எடுத்து மேல் தட்டில் வைத்தேன்.