றோலண்ட் மாமாவின் கணக்குத் திறந்த கதை

மெரினா வேலைக்காக ஜோர்தானுக்குப் புறப்பட்டது நவம்பர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்தே மழை. கொட்டகலைக் கடைத்தெருவில் கொழும்பு பஸ் வந்து நின்றதும் பெட்டியோடு ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். கீழே குடைக்குள் நின்ற அப்பாவைப் பார்த்து, "அப்பா, அந்த ஆறு நம்பர மறந்துடாதீங்க!" என்று கத்தினாள். பிறகு நம்பரையும் கத்தினாள். றோலண்ட் மாமா தலையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

நம்பர் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெற்றீசியா அத்தை, மகள் போகிற துக்கத்தில் எதையும் காதில் வாங்கவில்லை.

மாமா எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அடுத்த வீட்டுக்காரர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலை ஆலையில், கொழுந்து உருட்டும் மெஷின்களுக்கு நடுவில் வாலிபத்தையெல்லாம் கழித்தவர். அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் குருவிச் சத்தம் போனதாம், பிறகு தகரத்தில் விழும் மழை, பிறகு ஆட்களின் பேச்சு. கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவார். அப்படித் தலையாட்டி ஒருமுறை, விலைக்குக் கேட்டு வந்த யாருக்கோ, அத்தை ஆசையாக வளர்த்த சேவலைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அத்தை ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவருக்கு அதுவும் தெரியவில்லை.

வேலையிலிருந்து அவர் ஓய்வுபெற்றதும், அரசாங்கச் சேமிப்பு நிதியில் அவர் பெயரில் இருந்ததை எடுக்க மெரினா இணையத்தில் விண்ணப்பம் போட்டிருந்தாள். கணக்குக்கு ஆறு இலக்க இரகசிய எண் வைத்ததும் அவள்தான். அந்தப் பணத்துக்கு ஒரு வேலை காத்திருந்தது. ஹட்டனில் காது பரிசோதிக்கும் இடத்தில் ஒரு காது மெஷினை மாமாவுக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். பின்னால் இருந்து அத்தை "என்னங்க" என்றதும் அவர் திரும்பினாராம். திரும்பிய வேகத்தில் நாற்காலியே சாய்ந்ததாம். "ஈஸ்டர் வரைக்கும் எடுத்து வைக்கிறோம், அதுக்கு மேல முடியாது" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மாசி மாதம் நிதியிலிருந்து செய்தி வந்தது. எந்த வங்கிக்குப் பணத்தை அனுப்புவது என்று கணக்கின் உள்ளே போய் உறுதிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். வேலை நேரத்தில் மகளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று மாமா தானே முயன்றார். எழுத்து அவருக்கு மூன்றாம் வகுப்போடு சரி, ஆனால் எண்கள் நன்றாகத் தெரியும். மகளின் பிறந்த நாளைப் போட்டார். கல்யாண நாளைப் போட்டார். மாதா திருவிழாவையும் போட்டார். கணக்கு பூட்டிக்கொண்டது. அதன் பிறகு மெரினா போனில் அத்தையிடம் சரியான எண்ணைச் சொல்லியும் பயனில்லை. கணக்குக்கு உரியவரே அழைத்துப் பேசினால்தான் திறப்பார்களாம்.

நான் பல வருடம் பல நாடுகளில் விடுதி வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அத்தை வந்து, "தனு, நீ ஊரெல்லாம் பேசுனவ. இவருக்காக ஒரு போன் பேசும்மா" என்றதும் உடனே எழுந்து போனேன்.

சிங்களத்தில் ஆரம்பித்தேன். தமிழ் பேசுகிற ஒருவருக்கு இணைத்தார்கள். லோஜினி என்று பெயர் சொன்னார்.

"நீங்க யாருங்க அவருக்கு?"

"பக்கத்து வீடு. அவருக்குக் காது கேக்காது. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

"மன்னிக்கணும். பதில அவர்தான் சொல்லணும். நீங்க சொல்லிக் குடுக்கவும் கூடாது."

போனை ஸ்பீக்கரில் போட்டு மாமாவிடம் நீட்டினேன். லோஜினி கேட்டார்: "ஐயா, உங்க அம்மா பேரு என்ன?"

மாமா தலையை ஆட்டினார்.

"தலைய ஆட்டுனா அந்தப் புள்ளைக்கு எப்படிங்க தெரியும்?" என்று அத்தை கத்தினார். அதற்கும் ஆட்டினார்.

நான் காதருகே போய்க் கத்தினேன். அவர் போனைப் பார்த்து, "நல்லா இருக்கேம்மா, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றார். இன்னொரு முறை கத்தியதற்கு, "தேத்தண்ணி குடிச்சிட்டேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மண்வெட்டி கேட்டுச் சின்னராசா வந்தார். ஸ்டோரில் மாமாவுக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். அவருக்கும் காது அரைகுறைதான். எங்கள் கூச்சலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் தொண்டையப் போட்டு உடைக்கிறீங்க? நாங்க அங்க வாயாலயா பேசுனோம்?" என்றார்.

உருட்டுகிற அறையில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் கைதான். கொழுந்து லொறி வந்தால் ஒரு சைகை, ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் வந்தால் ஒன்று, யார் வீட்டிலிருந்து சோறு வந்திருக்கிறது என்பதற்கும் ஒன்று. லோஜினியிடம் இதைச் சொன்னேன்.

"கேள்விய எப்படி வேணும்னாலும் விளங்கப்படுத்துங்க. பதில் மட்டும் அவரு வாயால வரட்டும்."

சின்னராசா மாமாவைத் தொட்டுக் காட்டி, கையைத் தொட்டிலாக்கி ஆட்டினார்.

"மெரினா!" என்றார் மாமா.

சின்னராசா தலையில் அடித்துக்கொண்டு, முதுகில் கூடை தொங்குவது போல் குனிந்து, இரண்டு கையாலும் கொழுந்து பறித்துக் காட்டிவிட்டு, மறுபடி மாமாவைத் தொட்டார்.

"எங்கம்மாவா? திரேசம்மா!"

"சரிங்க" என்றது போன்.

முதலில் வேலைக்குச் சேர்ந்த தோட்டம் எது என்ற கேள்விக்கு, சின்னராசா அந்தத் தோட்டத்துத் துரை நடக்கிற நடையை நடந்து காட்டினார். மாமா சிரித்துக்கொண்டே பெயரைச் சொன்னார். கடைசிக் கேள்வி, அவருக்குப் பிறகு பணம் யாருக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது. சின்னராசா மாமாவைத் தொட்டார், கண்ணை மூடினார், நாக்கை வெளியே தள்ளினார், பிறகு விரலால் காசைச் சுண்டி எங்கள் எல்லாரையும் மாறி மாறிக் காட்டினார்.

"என்னைய எதுக்குடா சாகடிக்கிற?" என்று மாமா எகிறினார். பிறகுதான் விளங்கியது. "நான் செத்தா காசு யாருக்குன்னா? இவளுக்குத்தான். பெற்றீசியாவுக்கு. வேற யாருக்குக் குடுப்பேன்?"

போனில் லோஜினி சிரிப்பை அடக்குவது கேட்டது. "திறந்தாச்சுங்க. இப்ப புது நம்பர் ஒண்ணு போடுங்க. அவருக்கு மறக்காத நம்பரா இருக்கட்டும்."

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "செத்தா எனக்குத்தானாம்" என்று முணுமுணுத்தார். கோபமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. சின்னராசாவுக்குத் தேத்தண்ணி வந்தது, வெல்லமும் வந்தது. மண்வெட்டியை மறந்துவிட்டுப் போனார்.

அந்த லோஜினியை நான் பார்த்ததே இல்லை. அவருடைய வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தார்களோ தெரியாது. முதல் தலையாட்டலிலேயே போனை வைத்திருக்கலாம். விதியை ஓர் அங்குலமும் விடாமல், எங்களையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாட்டில் எத்தனையோ கவுண்டருக்கு முன்னால் நின்றவள் நான். அப்படி ஒருவர் அகப்படுவது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று எனக்குத் தெரியும். அன்று அவருக்கு நன்றி சொன்னேன், போதவில்லை. இங்கே மறுபடி சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு முன்பே பணம் வந்தது. காது மெஷினும் வந்தது. மாமா அதைப் போட்டுக்கொண்டு நடமாடத் தொடங்குவதற்குள் நான் மறுபடி புறப்பட்டுவிட்டேன். ஜோர்ஜியாவில் ஒரு விடுதியில் வேலை.

அடுத்த வருடம், அங்கே பனி உருகத் தொடங்கிய ஒரு நாளில், அத்தையின் போனிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மாமாவின் குரல்.

"தனு, நல்லா இருக்கியா புள்ள? மெஷின் நல்லா வேல செய்யுது. காலையில போட்டா படுக்கப் போறப்பதான் கழட்டுறேன். உங்க அத்தை ஒரே பேச்சு. கல்யாணம் கட்டுன நாள்ல இருந்தே இப்படித்தான் பேசிக்கிட்டு இருந்திருப்பா போல. நல்லாத்தான் பேசுறா."