கம்பி மேலா, கீழா

அன்று காலை பெங்களூரு போகும் ரயிலில் உட்கார்ந்து, பங்காருப்பேட்டைக்குப் பக்கத்தில் பாலகாட்டில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் வரைபடத்தை மொபைலில் திறந்தேன். வடிவமைப்பு என்னுடையது. படிக்கட்டின் அளவைத் தேடப்போன கண் பால்கனியில் நின்றது. கீழே தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீண்டு நிற்கும் பால்கனி. அதற்குக் கம்பி கான்கிரீட்டின் மேல்பக்கம் வர வேண்டும். நான் கீழ்ப்பக்கம் வரைந்திருந்தேன்.

அன்றுதான் பால்கனியைத் தாங்கும் முட்டுக்கட்டைகளைப் பிரிக்கும் நாள். அவற்றை எடுத்தால் பால்கனி விழும். அதன் நிழலில்தான் வீட்டுக்கார அம்மா தினமும் நாற்காலி போட்டு உட்காருவார்.

கான்கிரீட் போடும் முன்பே மேஸ்திரி கேட்டிருந்தார். என் அப்பா வயது அவருக்கு. வீட்டுக்காரர் எதிரில், "இன்னா மேடம், கம்பி கீழயா வருது?" என்றார். சின்னப் பெண் என்று சோதிக்கிறார் எனப் பட்டது. படத்தில் இருப்பதை மட்டும் செய்யுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

இப்போது அவரும் வீட்டுக்காரரும் போனை எடுக்கவில்லை. பங்காருப்பேட்டையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று நடுங்கினேன். கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனி யார் எனக்கு வேலை தருவார்கள் என்றும் பயந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது முட்டுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். பால்கனி நின்றது. அடியில் அந்த அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

ஓடிவந்த மேஸ்திரியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார்.

"மேலதான் போட்டுக்கிறேன் மேடம். சொன்னா கோச்சிக்குவீங்க, வேலைய உட்டு நிறுத்திடுவீங்கன்னு பயந்து சொல்லல."

நம்ப ஆசையாக இருந்தது, துணிவு வரவில்லை. மறுபடி முட்டுக் கொடுக்கச் சொன்னேன். பிறகு அவரே மேலே ஏறி, சுவரோரம் இரண்டு இடத்தில் உளியால் கொத்தினார். நானும் ஏறிப் பார்த்தேன்; ஓர் அங்குல ஆழத்தில் கம்பி தெரிந்தது. இறங்கி வந்து மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டேன்.

தப்பு என்னுடையது என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. எல்லா வரைபடங்களையும் வேறொரு இன்ஜினியரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். காட்டினேன்.

மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் கோச்சிக்கிட்டாலும் சொல்லிட்டுச் செய்ங்க" என்றேன். தலையாட்டினார்.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். ஜன்னல் அளவில் ஒரு சந்தேகமாம்.