அண்ணாச்சியின் வலது மணிக்கட்டு

மணிக்கட்டு எலும்பின்மேல் பிரம்பு விழுந்தால் பெரிதாக ஒன்றும் சத்தம் வராது. காய்ந்த சுள்ளியை மிதித்ததுபோல ஒரு 'டப்', அவ்வளவுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டபோது நான் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டிருந்தேன். அதனால் முதலில் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கண்ணைத் திறந்தால் எதிரே அண்ணாச்சி மணலில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் நடுவில் நான் அந்தமானின் லாங் ஐலண்ட் தீவில் மர டிப்போ குமாஸ்தா. தூத்துக்குடிக்காரரான அண்ணாச்சி தீவின் வயர்லெஸ்காரர். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். தீவில் தொலைபேசி கிடையாது. போர்ட் பிளேருக்கு ஒரு சேதி போகவேண்டுமென்றால், அண்ணாச்சியின் வலது கை, புள்ளியும் கோடுமாகத் தந்தியடிக்கும் பித்தளைக் கட்டையைத் தட்டினால்தான் போகும். மொத்தத் தீவின் வாயும் அந்த ஒரு கையில் இருந்தது. அந்தக் கையோடுதான் நான் தினமும் சாயங்காலம் சிலம்பம் விளையாடினேன். இதிலுள்ள ஆபத்து, குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியவனான எனக்கு, அதுவரை ஒருநாள்கூடத் தோன்றவில்லை.

நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால் அண்ணாச்சி கம்பெடுத்தார். நான் எடுத்தது பயத்தால். தீவுக்கு வந்த புதிதில் எனக்கு எல்லாவற்றையும் கண்டால் பயம். ஓடை வாயில் முதலை, கூரையில் முழ நீளப் பூரான், கழுவாத சட்டைபோல வாசலில் கிடக்கும் பாம்பு. தற்காப்புக்கு ஏதாவது கற்றுக்கொள்ளலாமே என்று போனேன். பூரானுக்கு முன்னால் நின்று மண்ணைத் தொட்டு வணக்கம் வைத்து ஆட்டத்தை ஆரம்பிக்க முடியாது என்பது பிற்பாடுதான் புரிந்தது. அதற்குள் ஆட்டம் பிடித்துப் போய்விட்டது.

ஊரில் மூங்கில். இங்கே காட்டுப் பிரம்பை நெற்றி உயரத்துக்கு வெட்டி, தீயில் வாட்டி நிமிர்த்திக்கொள்வோம். வேலை முடிந்த நான்கு மணி சுமாருக்கு, படகுத் துறைக்கும் மர அடுக்குகளுக்கும் நடுவே கடல் வற்றிய ஈர மணலில் காலடி வைப்போம். இடுப்புக்கு மேலே கம்பு சுழலும்போது காதருகே ஒரு ஊதல் கேட்கும். அது கேட்டுவிட்டால் டிப்போ, ரிஜிஸ்டர், தலைமைக் குமாஸ்தாவான பெரிய பாபு எல்லாம் மறந்துபோகும். வியர்த்து வழிந்ததும் அப்படியே கடலில் விழுவோம். அண்ணாச்சிக்குச் சரியாக ஐந்து மணிக்குப் போர்ட் பிளேரோடு பேச்சு. ஈரத் தலையோடு ஓடுவார்.

மரம் உருட்டும் ராஞ்சிக்காரர் ஒருவர் தினமும் மரக்கட்டைமேல் குந்திப் பீடி குடித்தபடி எங்களைப் பார்ப்பார். நான் கம்பு சுற்றினால் போதும், பக்கத்து ஆளிடம் "பாபு மச்சர் மார்தா ஹை" என்பார். கொசு அடிக்கிறேனாம். உண்மையைச் சொன்னால் அவர் என்மேல் இரக்கப்பட்டுத்தான் அப்படிச் சொன்னார். கம்பு என் தலைக்கு வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு, கையிலுள்ளதைத் திசை பாராமல் வீசுவேன். வித்தைக்காரனின் அடி எங்கே வரும் என்று கணக்குப் போடலாம். பயந்தவனின் அடியை யாராலும் கணிக்க முடியாது. அண்ணாச்சியாலும் முடியவில்லை.

மணிக்கட்டு நிமிஷத்தில் வீங்கிவிட்டது. நான் ஏழெட்டு முறை மன்னிப்புக் கேட்டு, கடைசியில் அடிபட்டவரே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. தண்ணீரில் நனைத்த துண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே டிப்போ பக்கம் கூச்சல் கேட்டது. அன்று மரக்கட்டைமேல் ராஞ்சிக்காரர் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். அடுக்கு சரிந்து ஒரு படாக் மரம் அவர் கால்மேல் உருண்டிருந்தது.

டாக்டர் மெயின்லேண்டுக்கு லீவில் போயிருந்தார். கம்பவுண்டர் ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டார். பாதம் நொறுங்கிவிட்டது, நாளைக்குள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் காலுக்கு மட்டுமல்ல, உயிருக்கே உத்தரவாதமில்லை என்றார். வடக்கேயுள்ள ரங்கத் என்ற ஊரிலிருந்து போர்ட் பிளேர் போகும் படகு மறுநாள் காலை எங்கள் தீவைத் தாண்டித்தான் போகும். ஆனால் இங்கே நிற்காது. நிற்கச் சொல்லி உத்தரவு வரவேண்டும். உத்தரவு வர, ஐந்து மணிக்குச் சேதி போகவேண்டும். சேதி போக, அந்தக் கை வேண்டும்.

வயர்லெஸ் அறையில் அண்ணாச்சி முதலில் இடது கையால் தட்டிப் பார்த்தார். கட்டை தட்டுவதில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு நடை உண்டு. மறுமுனையில் இருப்பவர் நான்கு தட்டிலேயே ஆளைச் சொல்லிவிடுவார். இடது கையின் தடுமாற்றத்தைக் கேட்ட போர்ட் பிளேர்க்காரர், யாரோ வேற்றாள் உள்ளே புகுந்து கருவியில் விளையாடுவதாக நினைத்துவிட்டார். கட்டையை விட்டு எழுந்திரு, ஆபரேட்டரைக் கூப்பிடு என்று பதில் வந்தது. சேதியை வாங்க மறுத்துவிட்டார். இன்னும் பத்து நிமிஷம் போனால் அவர் வேறு தீவோடு பேசத் திரும்பிவிடுவார். மறுபடி காலையில்தான் கிடைப்பார். அதற்குள் படகு போய்விடும்.

என் வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன், ராஞ்சிக்காரர் செத்துப்போவார், இந்த மூன்றும் எந்த வரிசையில் நடக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி மர ஸ்கேல் ஒன்றை எடுத்து, அதை மணிக்கட்டோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். மணிக்கட்டு அசையாமல் முழங்கையிலிருந்தே தட்டப் போகிறாராம். ஆனால் கையின் பாரத்தை அவரால் தாங்க முடியவில்லை. நான் பக்கத்தில் மண்டியிட்டு அவர் முன்கையை இரண்டு உள்ளங்கைகளிலும் தாங்கிக்கொண்டேன்.

இப்போது நடை அவருடையதுதான். பாரம் மட்டும் என்னுடையது. கூடவே என் நடுக்கமும். என் கைகள் உதறிய உதறலில் கட்டை தானாக இரண்டு மூன்று தட்டுகளை உபரியாகத் தட்டியது. புரியவில்லை, திரும்பச் சொல் என்று போர்ட் பிளேர் கேட்டது. திரும்பத் தட்டினோம். மறுபடியும் திரும்பச் சொல் என்றது. அண்ணாச்சியின் நெற்றியில் வலி வேர்த்துக் கொட்டியது. அவர் என்னைத் திட்டியிருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பேன். தலையைத் திருப்பாமல், மெதுவாகச் சொன்னார்:

"வே, நான் ஒரு புள்ளி வச்சா நீரு மூணு வைக்கீரு. கோலமா போடுதோம்?"

ஊரையே சிரிக்க வைப்பவன் என்று பெயரெடுத்தவன் நான். அண்ணாச்சி ஜோக் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு முழுவதும் அதோடு வெளியேறியது. கைகள் நின்றன. அவர் முன்கை என் உள்ளங்கையில் ஏறி இறங்குவதை உணர்ந்து, அது ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கினேன். எதிராளியின் அசைவோடு அசைய வேண்டுமென்று மணலில் மாதக்கணக்காக முயன்றும் வராதது, அந்த அறையில் வந்தது. கடைசியில் வந்த பதிலைக் காதில் வாங்கிக்கொண்டு அண்ணாச்சி கண்ணை மூடினார். படகு நிற்கும்.

நின்றது. ராஞ்சிக்காரருக்கு இரண்டு கால்விரல் போனது, கால் பிழைத்தது. அண்ணாச்சியின் எலும்பு சற்றுக் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு அவர் தட்டலில் ஒரு சின்ன நொண்டல் வந்துவிட்டதாகப் போர்ட் பிளேரில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது நான் போர்ட் பிளேரில், ஹேடோவில் இருக்கிறேன். மேஜையில் தொலைபேசி இருக்கிறது, எண்ணைச் சுழற்றினால் யாரும் யாரோடும் பேசலாம். காலையில் குவார்ட்டர்ஸ் பின்னால் அரைமணி நேரம் தனியாகக் கம்பு சுற்றுகிறேன். சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொல்கிறார். துணி காயும் கயிற்றுக்குத் தூரமாய்ச் சுற்றச் சொல்லி என் மனைவி சொல்கிறாள். அப்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அன்று சேதி போய்ச் சேர்ந்த பிறகான ஒரு நிமிஷம்தான்.

வயர்லெஸ் ரிஜிஸ்டரில் தாமதத்துக்குக் காரணம் எழுதவேண்டும். இடது கையால் கோணல் எழுத்தில், தேகப்பயிற்சியில் கை பிசகிவிட்டது என்று எழுதினார். பயிற்சியில் எதிரே இருந்தது யார் என்று எழுதவில்லை. எனக்கு அந்தப் பயம் வேறு. பின்னால் தெரியவந்தால் இருவருக்கும் வேலை போகும், என் பேரையும் எழுதிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அண்ணாச்சி ரிஜிஸ்டரை மூடினார்.

"எழுதிட்டா உம்மைத் தூக்கி வேற தீவுல போட்டுருவான். அப்புறம் நான் யாரு கூட கம்பு சுத்துதது, வே?"

என்னை இத்தனை சுயநலமான காரணத்துக்காக அதற்குப் பிறகு யாரும் காப்பாற்றியதில்லை.