முருகைக்கல் குறைந்த பை

அஸ்மியா வீட்டு முன்னறையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டு நீளமான கண்ணாடித் தொட்டியொன்று வைத்திருந்தாள். நீலமும் மஞ்சளுமாக அதில் ஆபிரிக்க சிக்லிட் மீன்கள். கலியாணத்துக்கு முன் திருகோணமலை மருந்துக்கடையொன்றில் வேலை செய்தவள். அளந்து கலப்பது கைப்பழக்கம். குஞ்சு பொரிக்கவைத்து வளர்ப்புமீன் கடைகளுக்குக் கொடுப்பாள்.

அந்த மீன்களுக்கு வன்னீர் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் கரைந்த, காரம் கூடிய தண்ணீர். அவர்கள் வீட்டுக் குழாயில் வருவதோ மென்னீர். அதனால் வாளித் தண்ணீரில் அப்பச்சோடாவும் எப்சம் உப்பும் கரைத்துத்தான் தொட்டியில் ஊற்றுவாள். தொட்டிக்கு வெளியே இருந்த வடிகட்டிப் பெட்டிக்குள் ஒரு வலைப்பை நிறைய, நிலாவெளிக் கரையில் பொறுக்கிய செத்த முருகைக்கல், அதாவது பவளப்பாறைத் துண்டுகள். அவை மெல்ல மெல்லக் கரைந்து காரத்தை இறங்கவிடாமல் வைத்திருக்கும்.

குப்பியில் எடுத்த தண்ணீர், சோதனைச் சொட்டு விட்டதும், காரம் போதுமென்றால் நீலமாக மாறவேண்டும். மாரி தொடங்கிய நேரம் அது பச்சையாக வந்தது. சோடா போட்டாள், நீலம் வந்தது. இரண்டொரு நாளில் திரும்பப் பச்சை. மீன்கள் நிறம் மங்கி, செட்டையை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. இரண்டு செத்தும் போயின.

அவளுக்குச் சனூஸாவில் சந்தேகம் விழுந்தது. கணவன் பஹ்மியை நானா என்று கூப்பிடும் தங்கை அவள். தாதிப் பயிற்சிக்காக மூதூரிலிருந்து வந்து தங்கியிருந்தாள். வந்த முதல் கிழமையே, மீன்வாடை அறைக்குள் வருகிறது என்று சொன்னவள். குசினியில் வினாகிரிப் போத்தல் வேறு வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. வினாகிரியின் புளிப்பு விழுந்தால் காரம் இறங்கும் என்பது அஸ்மியாவுக்குத் தெரியும். தொட்டி மூடியின் விளிம்பில் மயிரிழை போல நூல் ஒட்டிவைத்தாள். நூல் அறவில்லை. சந்தேகமும் போகவில்லை.

"வினாகிரிய என்னத்துக்குப் பாவிக்கிறீங்க சனூஸா?"

"தேத்தண்ணிக் கேத்தல்ல படிஞ்ச வெள்ளையக் கழுவ, மதினி."

"இந்தத் தண்ணியில என்ன வெள்ளை படியும்?"

சனூஸா அவளையே பார்த்தாள். "உங்கட மீன் வாளியில மிஞ்சின தண்ணியத்தானே நானா வீணாக்காம கேத்தலுக்கு ஊத்துறார்," என்றாள். அதன்பிறகு அவள் முன்னறைப் பக்கம் வரவில்லை. சாப்பாட்டையும் அறைக்குள் கொண்டுபோனாள்.

அடுத்த கிழமை, பஹ்மி காலையில் கழற்றி வைத்துவிட்டுப் போன வடிகட்டியைக் கழுவ எடுத்தபோது, பை கையில் வேறுமாதிரிக் கனத்தது. அவிழ்த்துக் கொட்டினாள். மேலே மட்டும் முருகைக்கல். கீழே முழுக்கக் கருங்கல் சல்லி, முருகைக்கல் இருந்த அளவுக்கே நிரப்பப்பட்டிருந்தது. அந்தப் பெட்டியின் இறுகிய கொக்கிகளைக் கழற்ற அவளுக்கே ஏலாது. எப்போதும் பஹ்மிதான் கழற்றிக் கொடுப்பான்.

அவன் வேலையால் வந்ததும் சல்லியைத் தாம்பாளத்தில் வைத்து முன்னால் நீட்டினாள்.

"நான்தான் மாத்தினனான்," என்றான் அவன். கரையோரப் பாதுகாப்புச் சம்பந்தமான அரச அலுவலகத்துக்கு அவனுக்கு அண்மையில்தான் மாற்றம் கிடைத்திருந்தது. "அண்டைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்த எங்கட ஒப்பீஸ் ஆள் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர். முருகைக்கல் எடுக்கிறது சட்டப்படி குற்றம். என்ட வீட்டிலயே கிடந்தா?"

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, கரையில கிடந்த செத்த கல்லுக்கு என்ன சட்டம் எண்டு கேப்பீங்க. நீங்க வெளியில யாரிட்டையும் கதைச்சிருவீங்க எண்டு பயம்."

"அப்ப என்னில நம்பிக்கை இல்ல."

அவன் தாம்பாளத்தை வாங்கிக் கீழே வைத்தான். எடுத்ததையெல்லாம் கொஞ்சங் கொஞ்சமாகக் கொண்டுபோய்க் கடலிலேயே போட்டிருந்தான்.

அஸ்மியா சனூஸாவின் அறைக்கதவைத் தட்டினாள். "உங்களத் தப்பா நினைச்சிட்டன்."

"தெரியும். நானா பெட்டியத் திறந்தத நான் கண்டனான் மதினி. நான் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

இல்லை என்பது அஸ்மியாவுக்கே தெரிந்திருந்தது.

கிண்ணியாவிலிருந்து சமையலில் கழிந்த சிப்பி ஓடுகளை வாங்கி, அவித்து, நொறுக்கிப் பையில் நிரப்பினாள். மீன்களுக்கு அதிர்ச்சி வராதபடி காரத்தை நாளுக்குக் கொஞ்சமாக ஏற்றினாள். மீன்களில் மஞ்சள் முதலில் தெளிந்தது, நீலம் பிந்தித்தான் வந்தது. பெட்டியின் கொக்கிகளுக்கு எண்ணெய் விட்டுத் தானே திறக்கப் பழகிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் பஹ்மி தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் அவள் ஒன்றும் கேட்பதில்லை. அவன் போனபிறகு சொட்டு விட்டுப் பார்ப்பாள்.