வேல்ஸுக்குப் போன தேங்காய்

கனகலிங்கம் சொன்ன சொல் தவறாத மனுசன் என்று லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் யாரும் சொன்னதில்லை. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், பகலெல்லாம் நித்திரை. எதைக் கேட்டாலும் "ஓம், செய்வம்" என்பார். அத்தோடு அந்தக் காரியம் முடிந்தது. கடவுளிடமும் அதே குணத்தைக் காட்டப்போய்த்தான் வில்லங்கத்தில் மாட்டிக்கொண்டார்.

எண்பத்தெட்டில், குரோய்டன் குடிவரவு அலுவலகத்து வாங்கில் உட்கார்ந்தபடி ஒரு நேர்த்தி வைத்தார். கொழும்பில் காத்திருந்த மனைவி சிவனேஸ்வரியைத் தன்னிடம் கொண்டுவந்து சேர்த்தால், நடந்து வந்து, மலையேறி, முருகனுக்குத் தேங்காய் உடைப்பதாக. மனதில் இருந்தது கதிர்காமம். முருகன் தன் பங்கை மளமளவென்று முடித்துவிட்டார். அடுத்த வருடமே சிவனேஸ்வரி வந்து இறங்கி, பத்திரிகைக் கடையொன்றின் கல்லாவில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். கனகலிங்கத்தின் பங்குதான் நின்றுபோனது. அவருடைய அகதிப் பயணப் புத்தகத்தில், இலங்கை தவிர்ந்த எல்லா நாட்டுக்கும் போகலாம் என்று அச்சடித்திருந்தது. முருகனோ அந்த ஒரு நாட்டில்தான் இருந்தார்.

தொண்ணூற்றிரண்டில் சிவனேஸ்வரியின் விசா முடிந்தது. புதுப்பிக்கக் கொடுத்து மாதக்கணக்காகியும் குரோய்டன் வாய் திறக்கவில்லை.

"இஞ்சருங்கோ, கூட்டிக்கொண்டு வந்த முருகனுக்குத் திருப்பி அனுப்பத் தெரியாதே?" என்றாள் சிவனேஸ்வரி.

 அவள் இல்லாத வருடங்களைப் பாணும் டின்மீனுமாக ஓட்டியவர் கனகலிங்கம். இன்னொரு தடவை அப்படி இருந்தால் செத்துப்போவார். அதை அவளிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"கதிர்காமத்துக்குப் போக ஏலாது எண்டு உமக்குத் தெரியும்தானே?"

சிவனேஸ்வரி கவுன்சில் நடத்திய ஆங்கில வகுப்பில் அந்த வாரம்தான் ஒருமை, பன்மை படித்திருந்தாள். தொலைக்காட்சியில் வானிலை ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தின் இடது ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது வேல்ஸ்தானே? வேல் எண்டா ஒண்டு. வேல்ஸ் எண்டா கனக்க. நாடு முழுக்க வேல் கிடக்கு, மலையும் கிடக்கு. பிறகென்ன?"

மறுத்துப் பேச அவருக்கு இலக்கணம் போதவில்லை.

மோர்டனில் இருந்த சிநேகிதர் பாலேந்திராவிடம் காரும் கூடாரமும் இருந்தன. தொழில் கணக்காளர்; சாப்பாட்டில் மட்டும் கணக்குப் பார்க்காதவர்.

"வேல்ஸில பெரிய மலை ஸ்னோடன், அங்க போவம் மச்சான். வழியில ரெண்டு ராத்திரி காம்ப் அடிப்பம்."

"காம்போ? எந்த ஆமியின்ர?" என்று பதறினார் கனகலிங்கம். யாழ்ப்பாணத்தில் காம்ப் என்றால் இராணுவம் இருக்கிற இடம். அங்கே வலியப் போகிறவன் கிடையாது.

காரை விட்டு இறங்கிய இடத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. கனகலிங்கம் டிராக்சூட்டுக்கு மேல் வேட்டி கட்டியிருந்தார்; காற்று அதை நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் கொண்டுபோனது. ஒவ்வொரு ஏற்றத்திலும் "அரோகரா!" என்று உரக்கக் கத்தினார். எதிரே வந்த வெள்ளைக்காரர்கள் அது எங்கள் ஊர் வணக்கமாக்கும் என்று நினைத்து, திரும்ப "அரோகரா" என்றார்கள். மூன்றாம் நாள் முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் அவர்களாகவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கூடாரம்தான் ஒத்துழைக்கவில்லை. ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் படுத்துக்கொண்டது.

இரண்டாம் நாள் பொழுதுபடும் நேரம் கனகலிங்கம் ஓடையில் தண்ணீர் எடுத்துவரப் போனார். திரும்பி வந்தால் பாணும் சம்பலும் தயாராக இருந்தன. பாலேந்திரா வீட்டிலிருந்து பாக்கெட் தேங்காய்ப்பூ கொண்டுவந்திருப்பார் என்று நினைத்து விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்.

"இப்பிடியொரு சம்பல் நான் லண்டனிலயே தின்னேல்லை, மச்சான்!"

மறுநாள் உச்சியை அடைந்தபோது அங்கே ஒரு ரயில் வந்து நின்றது. தொப்பி போட்ட வயதான சீமாட்டிகள் கசங்காமல் இறங்கினார்கள். பக்கத்தில் தேநீர்க் கடை வேறு.

"ரயில் இருக்கெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும். நேர்த்தியெண்டா நடக்கவேணும் எண்டு நீதானே சொன்னனீ."

பல்லைக் கடித்துக்கொண்டு கனகலிங்கம் பையைத் திறந்தார். மாற்று வேட்டி இருந்தது, கற்பூரம் இருந்தது. தேங்காய் இல்லை. மெல்ல நிமிர்ந்து பாலேந்திராவைப் பார்த்தார்.

"மலையேறுறது எண்டுதானே சொன்னனீ? தேங்காய் உடைக்கிறதெண்டு சொல்லேல்லையே. தேங்காய் வேற எதுக்கு மச்சான் கொண்டுவாறது!"

முருகனுக்குரிய தேங்காயைத் தானே தின்று, பாராட்டும் தெரிவித்தது கனகலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தார். சிவனேஸ்வரி விமானம் ஏறுவது கண்ணுக்குள் தெரிந்தது. வெட்கமில்லாமல் அழுதார்.

பாலேந்திரா தேநீர்க் கடைக்கு ஓடினார். அங்கே தேங்காய் சேர்ந்த ஒரே பொருள் பவுண்டி சாக்லேட்தான். கனகலிங்கம் கற்பூரத்தைக் கொளுத்தப் பார்த்தார்; காற்று விடவில்லை. கண்ணை மூடி, "முருகா, உள்ளுக்க இருக்கிறது தேங்காய்தான்" என்று சொல்லி உறையைப் பிரித்தார். உள்ளே அது ஏற்கெனவே இரண்டாகத்தான் இருந்தது, சரி பாதியாக. ஒன்றைப் பாறையில் வைத்தார், மற்றதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். ஒரு கடற்பறவை வந்து கொத்திக்கொண்டு போனது.

"மயில், இந்த ஊரில வெள்ளையாத்தான் இருக்கும்" என்றார் பாலேந்திரா.

வீட்டில் சிவனேஸ்வரி தலை முழுகிவிட்டுக் காத்திருந்தாள்.

"தேங்காய் எப்பிடி உடைஞ்சது?"

"சரி பாதியா" என்று கைக்குட்டையை நீட்டினார் கனகலிங்கம்.

அவள் பிரித்துப் பார்த்தாள். கடையில் நாள் முழுக்க அதை விற்கிறவள் அவள். கனகலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளும் நிலத்தைத்தான் பார்த்தாள். அங்கே அவருடைய கால்கள் இருந்தன. பெருவிரல் நகம் கறுத்திருந்தது, குதியெல்லாம் கொப்புளம். சாக்லேட்டை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றினாள். இமையில் ஒட்டியதைத் துடைக்காமல் வாயில் போட்டாள்.

"இனி என்னை அனுப்பமாட்டினம்" என்றாள் மென்றபடி.

"அனுப்பினா நானும் வருவன்" என்றார் கனகலிங்கம்.

அவருடைய பயணப் புத்தகத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.