இல்லை என்று நான் சொன்ன வீடியோ

வீடியோ இருந்தது. இல்லை என்று சொன்னவன் நான்.

இதைப் படிக்கும் நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். சுத்துக்கேணியில் என்னை அறிந்த ஒருவரிடமும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அங்கே நான் நியாயஸ்தன். வரப்புத் தகராறோ பங்காளிச் சண்டையோ, என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கொல்லையில் மோட்டார் ஒயர் திருடு போன பிறகு வீட்டு வாசலில் கேமரா வைத்தேன். கேட், வெளியே சாலை, சாலையை ஒட்டிய வாய்க்கால் எல்லாம் அதில் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் டிவியைப் போட்டுக் காட்டுவேன். "ஒரு கோழி தாண்டுனாலும் வுடாது" என்று பீற்றிக்கொள்வேன்.

ஆயுத பூஜை வந்தது. டிராக்டரைக் கழுவிப் பொட்டு வைத்தேன். அரிவாள், மண்வெட்டி, ஸ்பேனர் எல்லாவற்றையும் படத்தின் முன் அடுக்கினேன். கேமராவின் பதிவுப் பெட்டியை மட்டும் விடுவானேன்? அதுவும் உழைக்கிற கருவிதானே! பிளக்கைப் பிடுங்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு நடுவில் வைத்தேன். மறுநாள் காலை எடுத்து மாட்டியபோது டிவியில் படம் பளிச்சென்று வந்தது. அதற்குமேல் நான் எதையும் பார்க்கவில்லை.

அன்று மாலை வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தேன். டிரெய்லரின் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்ற பாரம்... பின்னால் என்ன நடக்கிறது என்று டிராக்டர் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. கேட்டின் மேலேயே கண்ணாக வண்டியை உள்ளே விட்டு இறங்கினேன். சாலையில் கூச்சல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், ஏழுமலை சைக்கிளோடு வாய்க்காலில் கிடந்தான்.

ஏழுமலை எங்கள் நிலத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவன். ஒரு காலத்தில் மொடாக்குடியன். அவனுடைய ஒரே மகள் கலைச்செல்வி, கல்யாணமாகிப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "இன்னொரு வாட்டி குடிச்சன்னு கேள்விப்பட்டா, இந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்பா." அங்காளம்மன் சன்னதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். அதன்பிறகு அவன் குடித்து நான் பார்த்ததில்லை. நீங்கள் இதைக் கவனிக்க வேண்டும். நான் பார்த்ததே இல்லை!

தூக்கி நிறுத்தினோம். தலையில் அடி, நாக்குக் குழறியது. நான் கேட்டேன்: "இன்னாடா ஏழுமல, திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் திரும்பின இடமெல்லாம் சாராயக்கடை. ஒருவன் வாய்க்காலில் விழுந்து கிடந்தால் வேறு என்ன நினைப்போம்? ஆனால் அதை முதலில் சொன்னவன் நான். என் வாயிலிருந்து வந்ததால் அது தீர்ப்பாகிவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஊர் முழுக்கப் பரவியது. ஊரே சொன்னதை ஆஸ்பத்திரியிலும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கலைச்செல்வி வந்தாள், வார்டு வாசலில் யாரோ சொன்னதைக் கேட்டாள், அப்பன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.

அவன் மனைவி அஞ்சலை என்னிடம் வந்தாள். "அவரு குடிக்கலண்ணா. எனுக்குத் தெரியும். ஒங்க கேமராவுல பாத்தா நேரா ஓட்டினு வந்தாரா, தள்ளாடினு வந்தாரான்னு தெரிஞ்சிடும்ல? அத எம் பொண்ணுக்குக் காட்டணும்ண்ணா."

அவள் எதிரிலேயே தேடினேன். அந்தத் தேதியில் ஒன்றுமே இல்லை. "பதிவாகலம்மா" என்றேன். அப்போது அது பொய்யில்லை... அதுவரைக்கும் நான் சுத்தம்.

மறுநாள் மதியம், கேமரா மாட்டிக் கொடுத்த மதகடிப்பட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஒயரைப் பார்க்கச் சொன்னார், சரியாக இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைப் பார்க்கச் சொன்னார். அதுவும் வேலை செய்தது. பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "சார், பூஜைக்கு ஆஃப் பண்ணி வச்சீங்களா? உள்ள ஒரு சின்ன செல்லு இருக்கும். அது வீக்கா இருந்தா, கரண்ட் போனதும் தேதி மாறிடும். வீடியோ எங்கியும் போவல சார். தப்பான தேதில ஒக்காந்துனு இருக்கும்."

என்றோ கடந்துபோன ஒரு வருடத்தின் முதல் தேதியில் அது இருந்தது.

ஏழுமலை நேராகத்தான் வருகிறான். எதிரே என் டிராக்டரைப் பார்த்ததும் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி வாய்க்கால் ஓரம் ஒதுங்கி நிற்கிறான். இவ்வளவு நிதானம் எந்தக் குடிகாரனுக்கு வரும்? அப்புறம்... என்னைக் கண்டால் அவன் எப்போதும் செய்வதைச் செய்கிறான். மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிடுகிறான். அதற்காக ஒரு கையைச் சைக்கிளிலிருந்து எடுக்கிறான். அந்த நொடியில் என் வைக்கோல் பாரம் அவன் தோளை இடித்துத் தள்ளுகிறது.

எனக்கு மரியாதை செய்யப்போய் விழுந்தான்! அவனைத்தான் குடிகாரன் என்றேன்.

அஞ்சலை மறுபடி வந்தாள். "இன்னாண்ணா, எதுனா கெடச்சிதா?"

"இல்லம்மா. அழிஞ்சிடுச்சின்னு சொல்லிட்டாங்க."

ஏன் சொன்னேன்? போலீஸ் பயமா? அதுகூட இல்லை. ஊர் முன்னால் அந்த வீடியோ ஓடும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற ஒரே எண்ணம்தான். அவ்வளவு அற்பம்.

பெட்டியில் தேதியைத் திருத்தினேன். அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. அதில்தான் என் சாமர்த்தியம்! இடம் நிறைந்தால் பெட்டி தானே பழையதை அழித்துப் புதியதை எழுதும். அதுவரை பேசாமல் காத்திருந்தேன். அது இருந்த நாளெல்லாம் அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஒருநாள் தேடியபோது அது இல்லை. எனக்கு வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்று அதிகம் கூசுகிறது.

ஏழுமலை இப்போது கோல் ஊன்றி நடக்கிறான். அந்த மாலை அவன் நினைவில் துளியும் இல்லை. கலைச்செல்வி வரவில்லை, அவளுக்குக் குழந்தை பிறந்ததுகூட இவர்களுக்கு யாரோ சொல்லித்தான் தெரிந்தது.

போன வாரம் கேட்டருகே நின்று கேட்டான். "அண்ணே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அன்னிக்கி எம்மேல நாத்தம் அடிச்சிதா? எனுக்கே சந்தேகமா கீது. குடிச்சிட்டனோ இன்னாவோ..."

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அடுத்துக் கேட்பானே!

"பழச எதுக்குடா கிளற்ற, வுடு" என்றேன்.

அவன் மெல்லத் தலையாட்டினான். "அப்ப குடிச்சிதான் இருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு கோலைக் கக்கத்தில் இடுக்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் எனக்காகக் கைலியை இறக்கிவிட்டுப் போனான்.

அதுவும் பதிவாகியிருக்கிறது. இந்த முறை தேதி சரியாக இருக்கிறது.