அக்கா காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டிய கதை

அக்காவிடம் அவளுடைய காரைப் பற்றிப் பேசும்போது ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டால் போச்சு. "என்ன, காருக்கு டர்போ மாட்டறீங்களாமே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ மரியாதைக்குக் கேட்டுவைத்தார். அக்கா அவரை மதில் ஓரத்திலேயே நிறுத்தி, கையிலிருந்த ஸ்பேனரை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தினாள்.

"டர்போ இல்லைங்க, சூப்பர்சார்ஜர். டர்போ வெளிய போற புகையில சுத்தும். இது இன்ஜின்ல இருந்து நேரா பெல்ட்டுல சுத்தும். ரெண்டும் காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளுற வேலைதான். காத்து கூடுனா பெட்ரோல் கூட்டலாம், பெட்ரோல் கூடுனா இழுவை கூடும். ஆனா இது மிதிச்ச உடனே இழுக்கும், டர்போ மாதிரி யோசிச்சுட்டு வராது!"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே பின்வாங்கினார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வந்தால் மழையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்.

என் அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பின்னால் வண்டி நிறையப் பிள்ளைகள், முன்னால் வேகம் நாற்பதைத் தாண்டினால் கத்துகிற ஒரு கருவி. வேலையில் அவள் மீது இன்றுவரை ஒரு புகார் கிடையாது. ஆனால் மனுஷி பகல் முழுக்க அடக்கிவைத்த காலை வீட்டுக்கு வந்து எங்கே கொண்டுபோய் வைப்பாள்? சின்ன வயதில் அப்பாவின் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டு, அவர் வேலைக்கு நடந்து போகும்படி செய்தவள். இப்போது அவளிடம் இருப்பது இரண்டு பேரிடம் கைமாறி வந்த பழைய கார். ஏற்றத்தில் ஏசியை நிறுத்தினால்தான் ஏறும். "ஒரு தடவையாவது நான் மிதிக்கிற அளவுக்கு அது ஓடணும்டா" என்பாள். இதற்கு மேல் காரணம் கேட்டால் அடி விழும்.

மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, இதில் துளியும் இஷ்டமில்லை. மாமா பிளம்பர். அளந்து பேசுகிற ஆள். குழாய்க்குள் தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தில் வரும், எந்த இடத்தில் பிய்த்துக்கொண்டு போகும் என்று பார்த்துப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. அழுத்தம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு முகம் சுண்டிவிடும். "இருக்கிற வேகமே போதும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, கார் ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அக்காவே இறங்கிவந்தாள்.

"சரி, கேளுங்க. பட்டறையில ரோலர் மேல வெச்சு ஓட்டிப் பாக்கற அன்னிக்கு நீங்களும் வாங்க. இன்ஜின் தாங்கலைன்னா அங்கேயே கழட்டிடறேன். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"சொல்லிட்ட. மாறக் கூடாது" என்றார் மாமா. அப்போதுதான் அவர் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். மாட்டுவது பெரிய காரியமில்லையாம், தயார் பண்ணுவதுதான் முக்கால்வாசி வேலையாம். முதலில் பழைய இன்ஜினுக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய ஓட்டையில் ஒரு மீட்டரைத் திருகிவிட்டு, "டேய், சாவியைத் திருப்பு... விடு" என்று என்னை வேலை வாங்கினாள். எனக்குக் கார் என்பது கதவைத் திறந்து ஏறி உட்காருகிற பொருள், அவ்வளவுதான். ஆனாலும் நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டியபோது, கிரீஸ் கையோடு அவள் என் தலையைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் எனக்கும் ஏதோ பரீட்சையில் தேறியதுபோல் இருந்தது. அந்தச் சட்டை இப்போது தரை துடைக்கிறது.

பிறகு பெட்ரோல் கூடுதலாகப் பீச்ச பெரிய இன்ஜெக்டர்கள், சூடு தாங்கும் பிளக்குகள், புதிய பம்ப். அமுக்கிய காற்று கொதிக்கும் என்பதால் அதை ஆற்றுவதற்கு முன்பக்கம் ஒரு கூலர். அங்கிருந்து இன்ஜின் வரை வளைந்து போகிற தடிமனான அலுமினியக் குழாய். பெல்ட் ஓடுகிற சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் பெல்ட்டைத் தின்றுவிடும் என்று ஒரு இரும்புப் பட்டையை வைத்து வைத்துப் பார்த்தாள். பட்டறைக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்து, இறுக்கம் சரியாக இருந்தவற்றின் தலையில் வெள்ளைப் பேனாவால் கோடு போட்டாள். ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் பட்டறை. காரின் முன்சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, வண்டியைத் தரையோடு நாடா போட்டுக் கட்டினார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. எதிரில் ஆளையே தூக்கிவிடுகிற மாதிரி ஒரு மின்விசிறி. மடிக்கணினியோடு ஒரு இளைஞர் உள்ளே உட்கார்ந்தார். எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று இன்ஜினுக்கு எழுதிக் கொடுக்கிறவர் அவர்தான். ட்யூனர் என்கிறார்கள். மாமா சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் ஓட்டம் மெதுவாகத்தான். அதற்கே சூப்பர்சார்ஜர் ஒரு கூவல் கூவியது பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். இரண்டாவது ஓட்டத்தில் ட்யூனர் இன்னும் கொஞ்சம் மிதித்தார். கூவல் ஏறியது. பட்டென்று காலை எடுத்துவிட்டார்.

"நாக் காட்டுது மேடம்" என்றார். பொறியிலிருந்து தீ பரவி வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாக வெடித்து பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுதான் நாக். விட்டால் பிஸ்டன் உடைந்து இன்ஜினே போய்விடும். இன்ஜின் மேல் ஒரு சென்சார் இருந்து அதைக் கேட்டுச் சொல்கிறது. அவர் பொறியைத் தாமதப்படுத்தினார். அதே இடத்தில் மறுபடி நாக். பெட்ரோலைக் கூட்டினார். மறுபடி அதே.

"எவ்வளவு குறைச்சாலும் மாற மாட்டேங்குது. இன்ஜின் உள்ளயே ஏதோ விட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். இல்ல வெளிய ஏதாவது இன்ஜின்ல இடிக்கணும். சென்சாருக்கு ரெண்டும் ஒரே சத்தம்தான். வெளிய எல்லாம் சரியா இருக்கான்னு பாத்தீங்களா?"

"வெளிய எதுவும் இடிக்காது தம்பி. நேத்து ஒவ்வொரு போல்ட்டா நான் பாத்தேன்" என்றாள் அக்கா.

"அப்போ உள்ளதான். இதுக்கு மேல மிதிச்சா உடைஞ்சிடும். நான் மிதிக்க மாட்டேன்."

விசிறி நின்றது. தெருவில் பழம் விற்பவரிடம்கூட அரை மணி மல்லுக்கட்டுகிற அக்கா, பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.

"கழட்டிடலாம்" என்றாள்.

"அக்கா, இன்னொரு ஆளைக் கேட்டுப் பாப்போம்" என்றேன்.

"சொன்னது சொன்னதுடா" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பெல்ட்டைத் தளர்த்துகிற போல்ட்டில் ஸ்பேனரை வைத்தாள்.

நாற்காலி கிரீச்சென்று நகர்ந்தது. மாமா வந்து பானெட்டுக்குள் குனிந்தார். அக்காவின் கைக்குப் பின்னால், அலுமினியக் குழாய்க்கு அடியில், விரலை நீட்டினார்.

"அது நான் போட்டது."

பார்த்தால், தண்ணீர்க் குழாயைச் சுவரோடு பிடித்துவைக்கிற இரும்புக் கிளாம்ப்! ஒரு பக்கம் குழாயைக் கவ்வியிருக்கிறது, மறுபக்கம் இன்ஜின் மேலேயே ஒரு போல்ட்டில் முறுக்கியிருக்கிறது. அவர் கொண்டுவந்து முறுக்கிய அந்தப் போல்ட்டில் மட்டும் வெள்ளைக் கோடு இல்லை.

"எப்பங்க?"

"காலையில. நீ குளிக்கப் போனப்ப." மாமா அக்காவைப் பார்க்காமல் கிளாம்ப்பிடமே பேசினார். "இத்தாம்பெரிய பைப்பு, ஒரு பிடி கூட இல்லாம தொங்குது. உள்ள அழுத்தம் வேற. காருக்குள்ள உக்காரப்போறது நீ. பிச்சுக்கிட்டுப் போனா?"

ட்யூனர் எட்டிப் பார்த்தார். கிளாம்ப்பை ஆட்டினார். சென்சாருக்குப் பக்கத்திலேயே கட, கட, கட.

"சார், வீட்டுல சுவர் ஆடாது. இன்ஜின் ஆடுமே சார்!" என்று சிரித்தே விட்டார். "இதுதான் அடிச்சிருக்கு. இன்ஜினுக்கு ஒண்ணுமில்ல!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாதக்கணக்காக மாமா ஆசைப்பட்டது அவர் மடியிலேயே வந்து விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். கிளாம்ப்பை யாரும் தேடியிருக்கப் போவதில்லை. எழுந்து வந்தாரே!

அக்கா கத்தப்போகிறாள் என்று இரண்டடி தள்ளி நின்றேன். அவள் மாமாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். "பிளம்பரைக் கட்டிக்கிட்டா இப்படித்தான்" என்றாள். ஸ்பேனரை அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே கழட்டுங்க."

கிளாம்ப் போனது. விசிறி மறுபடி ஓடியது. இந்தத் தடவை ட்யூனர் காலை எடுக்கவில்லை. கூவல் ஏறியது, இன்னும் ஏறியது, தகரக் கூரை அதிர்ந்தது, திரையில் கோடு மேலே மேலே போனது. நாக்? பூஜ்யம்! நான் என்னை அறியாமல் "போடு! போடு!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அப்புறம் மத்தியானம் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பொறியையும் பெட்ரோலையும் திருத்திக்கொண்டே இருந்தார். கடைசி ஓட்டம் முடிந்தபோது பழைய சக்தியைப்போல ஒன்றரை மடங்கு காட்டியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ட்யூனருக்கு நாலு தடவை கைகொடுத்தாள்.

திரும்பும்போது நான் பின்சீட்டில், மாமா முன்னால். பட்டறையைத் தாண்டியதிலிருந்து அக்கா நாற்பதிலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள், பின்னால் பிள்ளைகள் இருப்பதுபோல. எனக்கோ பொறுக்கவில்லை. ஆனால் மாமாவுக்காகத்தான் அப்படி ஓட்டுகிறாள் என்று புரிந்ததால் வாயைத் திறக்கவில்லை.

ஊர் முடிந்தது. ஆளில்லாத நீண்ட ஏற்றம் எதிரே வந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா லேசாக அழுத்தினாள். கூவல் கேட்டதுமே மாமா மேலே இருந்த கைப்பிடியை எட்டிப் பிடித்தார்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

அக்கா உடனே காலை எடுத்துவிட்டாள். கூவல் அடங்கியது.

மாமா கைப்பிடியை விடவில்லை. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவும் இல்லை.

"இருந்தா என்ன? காலை எதுக்கு எடுத்த? மிதி."